70-200 மி.மீ. ஜூம் லென்ஸ்: பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

70-200 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் என்பது திருமணம், கோயில் விழா, மேடை நிகழ்ச்சி, விளையாட்டு ஆகியவற்றைச் சற்றுத் தொலைவில் நின்று படமெடுக்கப் பயன்படும் ஒளிப்படக் கருவி வில்லையாகும். குவியத்தூரத்தை 70 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை மாற்றினாலும் இதன் பெரும்துளை எஃப்/2.8 என்ற அளவிலேயே நிற்கும். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த இயல்புதான் முக்கியம். கேனன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் இதே அளவு லென்ஸைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி, புதுப் பதிப்பாக வெளியிட்டு வந்துள்ளன. ஆகவே ஒரே பெயரில் மூன்று, நான்கு வகை லென்ஸ்கள் சந்தையில் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்ற கேள்விக்கு விலைப்பட்டியலை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது.

திண்டுக்கல் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை நம்பித் தொழில் செய்யும் சிறு ஸ்டுடியோக்காரருக்கு இந்த லென்ஸ் பெரும்பாலும் கேமராவைவிட விலை கூடிய முதலீடு. ஆடியிலும் மார்கழியிலும் திருமண வரும்படி இராது. வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்காது. தவறான பதிப்பை வாங்கினால் ஓர் ஆண்டு உழைப்பு அதற்குள் போய்விடும். பழையது என்பதற்காக ஒதுக்குவதும், மலிவு என்பதற்காக வாங்குவதும் இரண்டுமே இங்கு ஆபத்துதான்.

கேனன் பதிப்புகள்

கேனன் நிறுவனத்தின் ஈ.எஃப். 70-200 மி.மீ. எஃப்/2.8 எல் லென்ஸ் 1995இல் வந்தது. அதில் கைநடுக்கக் குறைப்பு அமைப்பு இல்லை. தூசி, ஈரம் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் அடைப்புகளும் இல்லை. எடை 1,310 கிராம். 2001இல் நடுக்கக் குறைப்புடன் அடுத்தது வந்தது. பேச்சுவழக்கில் 'ஐ.எஸ். ஒன்று' எனப்படுவது இதுவே. 18 தொகுதிகளில் 23 கண்ணாடிகள் கொண்ட இந்த லென்ஸின் எடை 1,470 கிராம். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 1.4 மீட்டர். 2010 ஜனவரியில் 'ஐ.எஸ். இரண்டு' அறிவிக்கப்பட்டது. கண்ணாடிகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் வடிவமைப்பு புதிது. ஒரு ஃபுளோரைட் கண்ணாடியும் ஐந்து யூ.டி. கண்ணாடிகளும் இதில் உள்ளன. ஃபோகஸ் தூரம் 1.2 மீட்டராகக் குறைந்தது. 2018 ஜூனில் 'ஐ.எஸ். மூன்று' வந்தது.

இந்த இடத்தில்தான் வாங்குபவர் நிதானிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நடந்த மாற்றம் பெரியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு நடந்ததோ மிகச் சிறியது. மூன்றாம் பதிப்பின் கண்ணாடி அமைப்பு இரண்டாம் பதிப்பினுடையதேதான். கண்ணாடிப் பரப்பின் மீது 'ஏர் ஸ்பியர்' எனப்படும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும், முன், பின் கண்ணாடிகளில் எண்ணெய்ப் பசை எளிதில் துடைத்தால் போகும் ஃபுளோரின் பூச்சும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. வெளிவண்ணமும் சற்று மாறியது. இவ்வளவுதான் வேறுபாடு. எண் கூடியதால் தெளிவும் கூடியிருக்கும் என்று எண்ணுவது வகுப்பு எண் கூடியதால் மாணவனின் கையெழுத்தும் திருந்தியிருக்கும் என்று எண்ணுவது போன்றது.

நடுக்கக் குறைப்பின் அளவும் இதே பாடத்தைத் தருகிறது. இரண்டாம் பதிப்புக்கு நிறுவனம் சொன்ன அளவு 4 ஸ்டாப். மூன்றாம் பதிப்புக்குச் சொல்வது 3.5 ஸ்டாப். புதியதில் எண் குறைகிறதே என்று திகைக்க வேண்டாம். பிந்தையது ஜப்பானியக் கேமராத் தொழிற்கழகத்தின் பொது அளவீட்டு முறைப்படி கூறப்படுவது. இரு வேறு கோல்களால் அளந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது.

அந்தப் பூச்சு வீணா என்றால், அதுவும் இல்லை. இன்றைய திருமண மேடையில் பின்புறம் எல்.இ.டி. திரை, மேலே வண்ண விளக்குகள், பக்கத்தில் வீடியோ விளக்கு என்று ஒளி நேராக லென்ஸுக்குள் விழுகிறது. கோயில் திருவிழாவில் சீரியல் செட் பின்னணியில் சப்பரம் வரும்போதும் அப்படியே. அப்போது படத்தில் வெண்திரை போட்டாற்போல ஒரு மங்கலும், சிறு ஒளிப் பொட்டுகளும் தோன்றும். மூன்றாம் பதிப்பு இதைக் குறைக்கிறது. நாள்தோறும் மேடை எடுப்பவருக்கு இது பயன். பகலில் வெளிப்புறத்தில் எடுப்பவருக்கு இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சந்தனமும் மஞ்சள் நீரும் தெறிப்பதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் 77 மி.மீ. காப்பு ஃபில்டர் போதும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எல்லாப் பதிப்புகளுக்கும் அதே 77 மி.மீ. அளவுதான். ஆனால் ஒன்றாம் பதிப்பின் ஹூட் மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. பழைய லென்ஸ் வாங்கும்போது ஹூட் கூடவே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு ஸ்டாப் என்பதன் மதிப்பு

ஒன்றாம் பதிப்பை 200 மி.மீ.இல் முழுத் துளையான எஃப்/2.8இல் எடுத்தால் படம் சற்று மென்மையாக விழும். எஃப்/4க்குத் துளையைச் சுருக்கினால் தெளிவு வந்துவிடும். இரண்டாம் பதிப்பு எஃப்/2.8இலேயே தெளிவாக இருக்கும். எஃப்/2.8இலிருந்து எஃப்/4க்குப் போனால் உள்ளே வரும் ஒளி சரிபாதியாகிறது. அதை ஈடுகட்ட ஒன்று ஷட்டர் நேரத்தை இரட்டிக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ.வை இரட்டிக்க வேண்டும். மண்டபத்தில் 3200இல் எடுத்த படத்தை 6400இல் எடுக்க நேரும். பழைய கேமராவில் அந்த வேறுபாடு மணல் தூவினாற்போலத் தெரியும். புதிய ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஆல்பத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே பழைய லென்ஸின் குறையைத் தாங்கிக்கொள்ளும் திறன் லென்ஸில் இல்லை, கையிலுள்ள கேமராவில் இருக்கிறது.

ஆல்பத்தின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கிலுள்ள 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால் 3,600க்கு 5,400 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 19.4 மெகாபிக்சல். மணப்பெண்ணின் முகத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போடும்போது லென்ஸின் தெளிவு சோதிக்கப்படுகிறது. அதே படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் ஒன்றாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

நடுக்கக் குறைப்பு எதற்கு உதவாது

200 மி.மீ.இல் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 நொடி வேண்டும் என்பது பழைய பொது விதி. மூன்று ஸ்டாப் நடுக்கக் குறைப்பு இருந்தால் 1/25 நொடி வரை இறங்கலாம். நான்கு ஸ்டாப் என்றால் ஏறத்தாழ 1/13 நொடி. விளம்பரங்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. ஆனால் இது எடுப்பவர் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. மாலை மாற்றும் கையை நிறுத்த 1/200 நொடி அளவாவது தேவை. கொசவபட்டி போன்ற ஊர்களில் நடக்கும் ஜல்லிக்கட்டில் வாடிவாசலிலிருந்து பாயும் காளைக்கு 1/1000 நொடியும் அதற்கு மேலும் வேண்டும். அந்த வேகத்தில் நடுக்கக் குறைப்பு இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. பகல் வெயிலில் காளைகளை மட்டும் எடுக்கும் ஒருவர் அந்த எண்ணுக்காகப் புதிய பதிப்பை வாங்கினால் பயன்படாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் போன்ற அசையாப் பொருள்களை, முக்காலி வைக்க முடியாத இடத்தில் எடுப்பவருக்கோ அதே எண் உண்மையான உதவி.

ஆனால் ஜல்லிக்கட்டுக்கு 1995ஆம் ஆண்டு லென்ஸே போதும் என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. களத்தில் கிளம்பும் புழுதி மெல்லியது. ஜூம் வளையத்தின் இடுக்கு வழியே உள்ளே போகும். ரப்பர் அடைப்புள்ள 2001ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த வகையில் மேல். அந்த அடைப்புகளுக்கும் இப்போது இருபது வயது தாண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிக்கான் பதிப்புகள்: திருத்தமே குறையான கதை

நிக்கானின் வரலாறு இன்னும் சுவையானது. ஏ.எஃப்.-எஸ். 70-200 மி.மீ. எஃப்/2.8 வி.ஆர். 2003 அளவில் விற்பனைக்கு வந்தது. அன்று நிக்கானின் டிஜிட்டல் கேமராக்கள் எல்லாம் சிறிய சென்சார் கொண்டவை. சிறிய சென்சார் லென்ஸின் நடுப்பகுதி உருவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஓரங்கள் எப்படி இருந்தாலும் படத்தில் வராது. எல்லோரும் இந்த லென்ஸைப் புகழ்ந்தனர். 2007இல் நிக்கானின் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமராவான டி3 வந்தபோதுதான் 200 மி.மீ.இல் மூலைகள் மங்கலாகவும் இருண்டும் இருப்பது வெளிப்பட்டது. லென்ஸ் மாறவில்லை, அதைப் பார்க்கும் கண் மாறியது.

2009இல் 'வி.ஆர். இரண்டு' வந்தது. மூலைகள் திருந்தின. ஆனால் வேறொன்று கெட்டது. அருகிலுள்ள பொருளில் ஃபோகஸ் செய்யும்போது இதன் குவியத்தூரம் சுருங்கிவிடும். வளையத்தில் 200 என்று இருக்கும், 1.4 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 135 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவே படத்தில் வரும். இதனால் இதன் பெரும உருப்பெருக்கம் 0.12 மடங்கு மட்டுமே. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; 36ஐ 0.12ஆல் வகுத்தால் 300 மி.மீ. வரும். அதாவது எவ்வளவு நெருங்கினாலும் ஏறத்தாழ ஓர் அடி அகலமுள்ள பரப்பு படத்துக்குள் வந்துவிடும். தாலியையோ, காதுகுத்து விழாவில் குழந்தையின் காதையோ, வளைகாப்பில் கைவளையலையோ நெருக்கமாக எடுக்க இது இடைஞ்சல். 2016இல் வந்த 'எஃப்.எல்.' பதிப்பின் உருப்பெருக்கம் 0.21 மடங்கு, அதே கணக்கில் 171 மி.மீ., ஏழு அங்குலத்துக்கும் குறைவு. எடையும் 1,540 கிராமிலிருந்து 1,430 கிராமாகக் குறைந்தது. கேனனில் ஒன்றாம் பதிப்பு 0.17, இரண்டாம் பதிப்பு 0.21 மடங்கு.

எஃப்.எல். பதிப்பில் ஒரு பழக்கச் சிக்கலும் உண்டு. முந்தைய பதிப்புகளில் ஜூம் வளையம் பின்னாலும் ஃபோகஸ் வளையம் முன்னாலும் இருந்தன. இதில் இடம் மாறிவிட்டன. பத்து ஆண்டு பழகிய கை, தாலி கட்டும் நொடியில் தவறான வளையத்தைத் திருப்பும். மேலும் இதன் துளை மின்காந்த முறையில் இயங்குவது. டி200, டி90, டி80, டி70 போன்ற பழைய கேமராக்களிலும் ஃபிலிம் கேமராக்களிலும் துளையைக் கட்டுப்படுத்த முடியாது. பழைய கேமராவும் புதிய லென்ஸும் சேராத இடம் இது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நிக்கானின் பழைய 80-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இன்றும் மலிவாகக் கைமாறுகிறது. அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; கேமராவிலுள்ள மோட்டார்தான் திருகு போன்ற தண்டின் வழியே அதை இயக்கும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மிரர்லெஸ் கேமராவுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. அங்கெல்லாம் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

சிக்மா நிறுவனத்தின் மிகப் பழைய, கேனனுக்கான லென்ஸ்களிலும் எச்சரிக்கை தேவை. அவற்றுள் சில, பின்னர் வந்த கேமராக்களில் முழுத் துளையில் மட்டும் இயங்கி, துளையைச் சுருக்கியவுடன் 'பிழை 99' என்று காட்டி நின்றுவிடும். டாம்ரான் நிறுவனத்தின் 70-200, 2012இல் வந்த முதல் பதிப்பைவிட 2017இல் வந்த ஜி2 பதிப்பில் ஃபோகஸ் தூரம் 1.3 மீட்டரிலிருந்து 0.95 மீட்டராகக் குறைந்துள்ளது. கைச்செலவுக்கு ஏற்ற இடைவழி இதுவாகும்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுபவர்கள்

2018 முதல் கேனன் ஆர்.எஃப்., நிக்கான் இசட் வகை மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. கேனனின் ஆர்.எஃப். 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 2019இல் வெளியானது. எடை 1,070 கிராம். பழைய பதிப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 400 கிராம் குறைவு. அதிகாலை முகூர்த்தம் தொடங்கி மாலை வரவேற்பு முடியும் வரை கழுத்தில் சுமப்பவருக்கு அந்த 400 கிராமின் மதிப்பு தெரியும்.

ஆனால் ஆர்.எஃப். லென்ஸை பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பொருத்தவே முடியாது. ஈ.எஃப். லென்ஸையோ அடாப்டர் மூலம் புதிய கேமராவில் பொருத்தலாம். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் தெளிவு குறையாது. இரண்டு கேமராக்களை வைத்து, ஒன்று பழையது ஒன்று புதியது என்று வேலை செய்யும் ஸ்டுடியோவுக்கு ஈ.எஃப். இரண்டாம் பதிப்பு இரண்டிலும் உழைக்கும். இந்தக் கட்டத்தில் பயன்படுத்திய இரண்டாம் பதிப்பே பலருக்கும் பொருத்தமான தேர்வு எனலாம். சிறிய சென்சார் நிக்கான் கேமரா வைத்திருக்கும் மாணவருக்கோ, 2003ஆம் ஆண்டு வி.ஆர். லென்ஸ் இன்றும் குறையில்லாதது. அவர் கேமராவுக்கு மூலைகளின் குறை தெரியாது, 200 மி.மீ. என்பது 300 மி.மீ. லென்ஸ் போன்ற நெருக்கத்தையும் தரும். எஃப்/2.8 தேவைப்படாத, சிறுமலை ஏறிச் சுமந்து செல்ல விரும்பும் ஒருவர் கேனன் எஃப்/4 ஐ.எஸ். வகையைப் பார்க்கலாம், 2006ஆம் ஆண்டுப் பதிப்பின் எடை 760 கிராம்தான்.

பயன்படுத்திய லென்ஸைச் சோதித்தல்

பூட்டுக்குப் பெயர்போன ஊரில், பழைய பூட்டை வாங்குபவர் அதன் பளபளப்பைப் பார்க்க மாட்டார். சாவியைப் பலமுறை திருப்பிப் பார்ப்பார். லென்ஸுக்கும் அதே முறைதான்.

முதலில் பூஞ்சை. லென்ஸின் ஒரு முனையில் சிறு டார்ச் விளக்கை வைத்து மறுமுனை வழியே சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கேனன் ஈ.எஃப். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால் துளை திறந்தே இருக்கும். நிக்கானின் 'ஜி' வகை லென்ஸ்களில் மூடியிருக்கும். பின்புறமுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். இது தெரியாமல் இருட்டைப் பார்த்துவிட்டு 'கண்ணாடி சுத்தம்' என்று வாங்கி வருபவர்கள் உண்டு. சில தூசித் துகள்கள் இருப்பதால் படத்துக்குக் கேடில்லை. பூஞ்சையும் வெண்புகை போன்ற படலமும்தான் கேடு. திண்டுக்கல் சமவெளி கடற்கரை ஊர்களைவிட வறண்டது. என்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பையிலேயே மூடி வைத்த லென்ஸிலும், கொடைக்கானல் மூடுபனியில் நனைந்து அப்படியே பைக்குள் போன லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு உள்ள பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத சம்படமும் உதவும்.

அடுத்தது கண்ணாடிகளின் நேர்நிலை. கீழே விழுந்த லென்ஸ் வெளியே கீறலில்லாமல் இருக்கலாம். செங்கல் சுவர் அல்லது கடையின் இரும்பு ஷட்டர் ஒன்றை நேர் எதிரே முக்காலியில் நின்று, எஃப்/2.8இல் 70, 135, 200 மி.மீ. மூன்றிலும் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ சாய்ந்துள்ளது. அதை வாங்கக் கூடாது. இந்தச் சோதனையை விற்பவரின் கேமராவில் செய்யாமல் வாங்குபவர் தம் கேமராவிலேயே செய்ய வேண்டும், ஏனெனில் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸ் சிறிது முன்னோ பின்னோ விழுவது அந்த இணையைப் பொறுத்தது.

வயதையும் அறியலாம். பழைய கேனன் ஈ.எஃப். லென்ஸ்களின் பின்புற வளையத்தில் ஒரு சிறு குறியீடு இருக்கும். அதன் முதல் எழுத்து தொழிற்சாலையையும் இரண்டாம் எழுத்து ஆண்டையும் குறிக்கும். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து 1986. 16ஆவது எழுத்து 2001. 23ஆவது எழுத்து 2008. 'நான்கு ஆண்டுதான் ஆகிறது' என்று விற்பவர் சொல்லும்போது இந்த எழுத்தைப் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

பழைய பதிப்பின் விலையில் தெரியாத செலவு பழுதுபார்ப்பு. உற்பத்தி நின்று சில ஆண்டுகளானபின் நிறுவனங்கள் உதிரிப் பாகங்களை வைத்திருப்பதில்லை. ஃபோகஸ் மோட்டாரோ நடுக்கக் குறைப்புத் தொகுதியோ போய்விட்டால், வேறொரு பழுதான லென்ஸிலிருந்து கழற்றிப் போடுவதைத் தவிர வழியிருக்காது. ஆகவே வாங்குமுன் சேவை மையத்தில் அந்தப் பதிப்புக்கு இன்னும் பாகம் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்காது என்றால், பழுதானால் போகட்டும் என்று விடத்தக்க தொகைக்கு மட்டுமே அதை வாங்கலாம்.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு வாடகை உண்டு. ஒரு முகூர்த்தத்துக்குப் பழைய பதிப்பையும் அடுத்ததற்குப் புதியதையும் எடுத்து, அதே மண்டபத்தில், அதே கேமராவில் படமெடுத்து, ஆல்பம் அளவில் இரண்டு பக்கங்களை அச்சிட்டு அருகருகே வைத்துப் பார்க்கலாம்.